டை அடிப்பதை நிறுத்தினால் என்ன நடக்கும்? கறுப்பிலிருந்து நரைக்கு மாறும் வழிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பாத்ரூம் கண்ணாடி முன்னால் பழைய நைட்டி, தோளில் கறை படிந்த துண்டு, கையில் பிளாஸ்டிக் கிண்ணமும் பிரஷும். நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, வகிட்டில் ஆரம்பித்துப் பின்னந்தலை வரை டை அடித்து முடிக்க முக்கால் மணி நேரம். ஊற வைக்க அரை மணி நேரம். அலசிவிட்டு வந்து பார்த்தால் தலை பளபளவென்று கறுப்பு. மூன்றாவது வாரம் வகிட்டில் மறுபடியும் அதே வெள்ளைக் கோடு.

பல வீடுகளில் இது மாதம் தவறாமல் நடக்கும் சடங்கு. முப்பது வயதைத் தாண்டாதவர்கள்கூட இந்த வரிசையில் இருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் அந்தக் கேள்வி வரும்: “பேசாம நிறுத்திட்டா என்ன?”

கேள்வி சுலபம். அடுத்த நிமிடமே வேறு கேள்விகள் வரிசை கட்டும். பாதி வெள்ளை, பாதி கறுப்போடு ஆபீஸ் போவது எப்படி? எத்தனை மாதம் ஆகும்? முடி வெட்டியே ஆக வேண்டுமா? வீட்டில் என்ன சொல்வார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முடி ஏன் நரைக்கிறது?

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியின் வேரிலும் மெலனோசைட் என்ற செல்கள் உண்டு. அவை தயாரிக்கும் மெலனின் என்ற நிறமிதான் முடிக்குக் கறுப்பு, பழுப்பு நிறங்களைத் தருகிறது. வயது ஏற ஏற இந்தச் செல்களுக்கு ‘சப்ளை’ செய்யும் ஸ்டெம் செல்கள் குறைந்துபோகின்றன அல்லது வேலை செய்வதை நிறுத்திவிடுகின்றன. அதன்பிறகு அந்த வேரிலிருந்து வளரும் முடி நிறமில்லாமல் வளர்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாம்பல் நிற முடி என்று தனியாகப் பெரும்பாலும் எதுவும் இல்லை. வெள்ளை முடிகளும் கறுப்பு முடிகளும் கலந்து இருக்கும்போது, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்ற பெயர் சரியாகப் பொருந்துவது அதனால்தான்.

எப்போது நரைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பரம்பரை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீக்கிரம் நரைத்திருந்தால் பிள்ளைகளுக்கும் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். நரையோடு தொடர்புடைய ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணுவை விஞ்ஞானிகள் 2016-இல் அடையாளம் கண்டார்கள்.

டென்ஷனால் நரைக்குமா? முழுக்கப் பொய் என்று ஒதுக்க முடியாது. கடுமையான மன அழுத்தத்தின்போது நரம்புகளிலிருந்து சுரக்கும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம், முடிக்கு நிறம் தரும் ஸ்டெம் செல்களை வேகமாகத் தீர்த்துவிடுகிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தச் சோதனை நடந்தது எலிகளிடம். 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மனிதர்களிடமே நடந்தது. பங்கேற்றவர்கள் 14 பேர். அவர்களில் ஒருவருக்கு, விடுமுறையில் போயிருந்த காலத்தில் ஐந்து முடிகள் மறுபடி கறுப்பானது பதிவாகியிருக்கிறது. ஐந்தே ஐந்து முடிகள்! அதை நம்பி இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தால் ஊர் சுற்றிப் பார்க்கலாம், தலை முழுக்கக் கறுப்பாகாது.

டை முடிக்குள் என்ன செய்கிறது?

கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெர்மனென்ட் டைகள் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. முதலில் அமோனியாவோ அதைப் போன்ற வேறொரு காரப் பொருளோ முடியின் மேல் அடுக்கைத் திறக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய், மிச்சமிருக்கும் இயற்கை நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும். அதே நேரத்தில், டையில் இருக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழைந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். பெரிதானபின் வெளியே வர முடியாது. தலைக்கு எத்தனை முறை குளித்தாலும் அந்த நிறம் முழுசாகப் போகாததற்கு இதுதான் காரணம்.

இந்த மூலக்கூறுகளில் முக்கியமானது பாரா-ஃபினைலீன்டையமின். சுருக்கமாக பி.பி.டி. அடர் கறுப்பு வேண்டும் என்றால் பெரும்பாலும் இது இருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘அமோனியா இல்லை’ என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால், பி.பி.டி-யும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. ‘ஹெர்பல்’, ‘நேச்சுரல்’ என்ற பெயரில் வருபவற்றிலும், ஷாம்பு போலத் தேய்த்துக் குளித்தால் கறுப்பாகும் என்று விற்கப்படும் பலவற்றிலும்கூட அது இருக்கலாம். முன்பக்க எழுத்தை நம்பாமல், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பொருட்கள் பட்டியலைப் படிப்பதுதான் வழி.

நிறுத்த வேண்டும் என்று ஏன் நினைக்கிறார்கள்?

முதல் காரணம் அலர்ஜி. பி.பி.டி-க்கு அலர்ஜி வருவது தோல் டாக்டர்களுக்கு ரொம்பப் பழகிய விஷயம். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ‘அலர்ஜன்’ என்று இதைத்தான் அறிவித்தது. தலையில் அரிப்பு, காதோரமும் கழுத்திலும் தடிப்பு, கண் இமை வீங்குவது ஆகியவை பொதுவான அறிகுறிகள். சிலருக்கு அரிப்பே பெரிதாக இருக்காது. நெற்றியிலும் கன்னத்து ஓரத்திலும் மெல்ல மெல்லக் கருமை படரும். வெயிலால் வந்தது என்று நினைத்து கிரீம் மேல் கிரீமாகப் பூசிக்கொண்டிருப்பார்கள். காரணம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடிக்கும் டையாக இருக்கலாம்.

“பத்து வருஷமா இதே டைதான், இப்ப எப்படி அலர்ஜி வரும்?” என்ற கேள்வி இயல்பானது. அலர்ஜி முதல் நாளே வர வேண்டும் என்று இல்லை. வருடக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் பயன்படுத்தியவருக்கும் திடீரென வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். அதற்குப் பிறகும் டை அடித்தால் ஒவ்வொரு முறையும் பாதிப்பு கூடலாம். முகம் வீங்கி, மூச்சு விடச் சிரமமாக இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, புற்றுநோய் பயம். இதைப் பதறாமல் புரிந்துகொள்வது நல்லது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சலூனில் தினமும் ரசாயனங்களோடு புழங்கும் முடிதிருத்துநரின் வேலையை ‘புற்றுநோய் ஏற்படுத்த வாய்ப்புள்ளது’ என்ற வகையில் வைத்திருக்கிறது. வீட்டில் சொந்தத் தலைக்கு டை அடிப்பவர்கள் விஷயத்தில், முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அதன் வகைப்பாடு.

பெரிய ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 46,709 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. பெர்மனென்ட் டை பயன்படுத்தியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 9 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோருமே மார்பகப் புற்றுநோய் வந்த சகோதரி உள்ள பெண்கள். 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வு 1,17,200 நர்ஸ்களை 36 ஆண்டுகள் கவனித்தது. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு ஆபத்து கூடவில்லை. சில வகை மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் சிறிய அளவு ஏற்றம் தெரிந்தது. பயந்து நடுங்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. யோசித்துப் பார்க்கும் அளவுக்குக் கேள்விகள் இருக்கின்றன.

மூன்றாவது, நேரமும் பணமும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 தடவை. பார்லரில் ஒரு ‘ரூட் டச்-அப்’புக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே வருடத்துக்கு 13,600 ரூபாய். அதைவிட, கல்யாணம், இன்டர்வியூ, ஊருக்குப் போவது என எதற்குக் கிளம்பினாலும் “டை அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?” என்று கணக்குப் பார்ப்பதுதான் பலரையும் சலிப்படைய வைக்கிறது.

எத்தனை மாதம் ஆகும்?

தலைமுடி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை வளரும். அதை வேகப்படுத்த மந்திரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே டை ஏறிய முடி தானாகப் பழைய நிறத்துக்குத் திரும்பாது. அது வளர்ந்து, வெட்டப்பட்டுத்தான் போக வேண்டும். ஆகவே கணக்கு இதுதான்: முடியின் நீளத்தை ஒன்றேகாலால் வகுத்தால் வருவது மாதங்கள்.

* ஆண்களின் வழக்கமான ஹேர்கட், 5 செ.மீ: சுமார் 4 மாதம்
* கழுத்தளவு ‘பாப் கட்’, 25 செ.மீ: சுமார் 20 மாதம்
* தோளுக்குக் கீழே, 40 செ.மீ: இரண்டரை வருடத்துக்கு மேல்
* இடுப்பளவு பின்னல், 75 செ.மீ: 5 வருடம்

கடைசி வரியைப் படித்துவிட்டு டை பாக்கெட்டைத் தேட வேண்டாம். நீளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் காலமும் குறையும்.

மாறுவதற்கு என்னென்ன வழிகள்?

1. அப்படியே நிறுத்திவிடுவது: செலவில்லாத வழி. ரசாயனமும் இல்லை. ஆனால் வேரில் வெள்ளை, கீழே கறுப்பு என்று கோடு போட்டது போலத் தெரியும். முதல் ஆறு மாதம்தான் ரொம்பச் சிரமம். இந்தக் காலத்தில் நேர் வகிடு எடுத்தால் கோடு எடுப்பாகத் தெரியும். வகிட்டை வளைத்து எடுப்பது, பக்கவாட்டில் மாற்றுவது, ஹேர் பேண்ட் போடுவது, கொண்டை போடுவது எல்லாம் கைகொடுக்கும்.

2. குட்டையாக வெட்டிக்கொள்வது: நான்கைந்து சென்டிமீட்டர் நரை வளரும் வரை பொறுத்து, மீதியை ‘பிக்ஸி கட்’டாக வெட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. ஒரேயடியாக வேண்டாம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று சென்டிமீட்டர் என்று குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊரில் இதைவிட வேகமான வழி ஒன்றும் இருக்கிறது. பழனிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டு வந்தவர்களை யாரும் “ஏன்?” என்று கேட்பதில்லை. மூன்று மாதத்தில் தலை முழுக்க ஒரே சீராக சால்ட் அண்ட் பெப்பர்.

3. கோட்டை மங்கலாக்குவது: பெர்மனென்ட் டையை விட்டுவிட்டு, செமி பெர்மனென்ட் அல்லது டெமி பெர்மனென்ட் வகைக்கு மாறுவது. இவை சில வாரங்களில் தலைக்குக் குளிக்கக் குளிக்க மங்கிப்போகும் என்பதால் கோடு கூர்மையாகத் தெரியாது. அலர்ஜி இருப்பவர்கள் இதிலும் கவனமாக இருக்க வேண்டும். டெமி பெர்மனென்ட் வகைகளிலும் பி.பி.டி குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் வரும்.

4. ஹைலைட்ஸ், லோலைட்ஸ்: கறுப்பாக இருக்கும் பகுதியில் சில இழைகளை மட்டும் வெளுக்க வைப்பது ஹைலைட்ஸ். வெள்ளையாக வளரும் பகுதியில் சில இழைகளுக்கு அடர் நிறம் தருவது லோலைட்ஸ். இரண்டும் சேர்ந்தால் கோடு கலைந்து, இயற்கையான கலவை போலத் தெரியும். சலூன்களில் ‘கிரே பிளெண்டிங்’ என்பது இதைத்தான். செலவு அதிகம். ஆனால் நீளத்தை விட மனமில்லாதவர்களுக்கு இது நடுவழி.

5. ஒரே நாளில் சில்வர்: டை ஏறிய முடி முழுவதையும் பிளீச் செய்து, நரையின் நிறத்துக்குக் கொண்டுவருவது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நிஜத்தில் வருடக்கணக்கில் கறுப்பு டை ஏறிய முடியை வெளுப்பது பெரிய வேலை. பல மணி நேரம், சில சமயம் பல தடவை ஆகும். முதலில் செம்பட்டை, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று படிப்படியாகத்தான் நிறம் இறங்கும். முடி உடையும் ஆபத்தும் உண்டு. அனுபவமுள்ளவரிடம், முதலில் ஒரு சின்ன இழையில் சோதித்துப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். வீட்டில் செய்து பார்க்கும் விஷயம் இல்லை.

மருதாணி போட்டவர்கள் கவனிக்க

டையை விட்டுவிட்டு மருதாணிக்கு மாறுவது நம் வீடுகளில் வழக்கம். கலப்படம் இல்லாத மருதாணி கறுப்பு நிறம் தராது. அதில் இருக்கும் லாசோன் என்ற பொருள் வெள்ளை முடியைச் செம்பட்டையாக, சில சமயம் பளிச்சென்ற ஆரஞ்சாக மாற்றும். அதன் மேல் அவுரி இலைப் பொடி போட்டால் கருமை வரும். மருதாணி மட்டும் போட்டு நேரடியாகக் கன்னங்கறுப்பு வருகிறது என்றால், அதில் பி.பி.டி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘பிளாக் ஹென்னா’ என்ற பெயரைப் பார்த்தாலே உஷாராக வேண்டும்.

நரைக்கு மாற நினைப்பவர்களுக்கு மருதாணியில் இன்னொரு சிக்கல்: அதுவும் லேசில் போகாது. முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவுரி போட்ட முடியை பிளீச் செய்தால் பச்சை நிறம் தட்டலாம். உலோக உப்புகள் கலந்த பொடிகள் மீது பிளீச் பட்டால் சூடேறி முடியே கருகலாம். ஆகவே சலூனுக்குப் போகும்போது கடந்த மூன்று வருடத்தில் தலையில் போட்டது என்னென்ன என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுவது நல்லது.

கண்ணாடியைவிடக் கஷ்டமான இடம்

வழிகள் தெரிந்துவிட்டன. உண்மையான சோதனை வீட்டு வாசலில் தொடங்குகிறது.

“என்னடி, உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று அம்மா கேட்பார். “பொண்ணுக்கு வரன் பாக்குற நேரத்துல இப்படியா வந்து நிக்கிறது?” என்று அத்தை சொல்வார். “அக்கா, டை தீர்ந்துபோச்சா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் விளையாட்டாகக் கேட்பாள். ஆபீஸில் யாரும் நேரடியாக எதுவும் சொல்ல மாட்டார்கள். வீடியோ காலில் கண்கள் வகிட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பெண் தேடும் முப்பது வயது இளைஞருக்கும் இதே கதைதான். “போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி டை மட்டும் அடிச்சுக்கப்பா” என்பார்கள்.

சினிமாவைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 2011-இல் வெளிவந்த ‘மங்காத்தா’வில் அஜித் நரையோடு வந்தார். அது ஸ்டைலானது. இளைஞர்கள் சலூனில் போய் அதே மாதிரி கேட்டார்கள். 2016-இல் ‘கபாலி’யில் நரைத்த தாடியோடு ரஜினி வந்தபோதும் கொண்டாட்டம்தான். அதே சலுகை கதாநாயகிக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. திரையில் பெண்ணுக்கு நரை வந்தால் அவர் அம்மாவோ பாட்டியோ ஆகிவிடுகிறார்.

இதை உடைத்துப் பேசியவர்களில் ஒருவர் ‘வாரணம் ஆயிரம்’ சமீரா ரெட்டி. 2021-இல் நரையை மறைக்காத தன் படத்தை சோஷியல் மீடியாவில் வெளியிட்டார். வெள்ளை முடியை ஏன் மறைக்கவில்லை என்று தன் அப்பா கவலையோடு கேட்டதையும், முன்பெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கலரிங் செய்துவந்ததையும் அதில் எழுதியிருந்தார். கேட்டது வெளியாள் இல்லை, பாசமுள்ள அப்பா. பல பெண்களுக்கு அது தங்கள் வீட்டுக் கதையாகவே இருந்தது.

வேலைக்கு ஆபத்து வருமா என்ற பயமும் வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. கனடாவின் சி.டி.வி செய்தி வாசிப்பாளர் லிசா லாஃப்ளாம், 2020 கொரோனா காலத்தில் சலூனுக்குப் போக முடியாமல் டையை நிறுத்தி, நரையோடே செய்தி வாசித்தார். 35 வருடம் வேலை செய்த சேனல் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது என்று 2022 ஆகஸ்ட்டில் அவர் அறிவித்தபோது நாடே விவாதித்தது. அவருடைய நரை பற்றி மேலதிகாரி ஒருவர் கேள்வி எழுப்பியதாகச் செய்தி வெளியானது. நிறுவனம் இது தொழில் ரீதியான முடிவு என்றது. நரைதான் காரணமா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஏன் அத்தனை பேருக்கு உடனே தோன்றியது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

வெளியே எப்படிச் சமாளிப்பது? பலருக்கும் உதவுவது இரண்டு விஷயம். ஒன்று, கேட்பதற்கு முன்னால் தாமாகவே சொல்லிவிடுவது. “டையை நிறுத்திட்டேன், வளர்த்துட்டு இருக்கேன்” என்ற ஒரு வரி போதும், அடுத்த கேள்வி பெரும்பாலும் வராது. இரண்டு, மற்ற விஷயங்களில் நேர்த்தி. ஒழுங்காக வெட்டிய முடி, இஸ்திரி போட்ட உடை, முகத்துக்கு எடுப்பான நிறத்தில் குர்தாவோ சட்டையோ இருந்தால் ‘கவனிக்காமல் விட்டுவிட்டார்’ என்ற எண்ணமே பார்ப்பவருக்கு வராது. முதல் ஆறு மாதம் மாதம் ஒரு போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது. கண்ணாடியில் தினமும் தெரியாத மாற்றம் போட்டோவில் தெரியும்.

நரைமுடிக்குத் தனிப் பராமரிப்பு தேவையா?

கொஞ்சம் தேவை. நரைமுடி பலருக்கு வறட்சியாகவும், முறுக்கிக்கொண்டு நிற்பதாகவும் தோன்றும். ஷாம்புவைக் குறைத்து, கண்டிஷனரைத் தவறாமல் பயன்படுத்தினால் அடங்கும்.

அடுத்த பிரச்சினை மஞ்சள் தட்டுவது. வெயில், சிகரெட் புகை, ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் சூடு, இரும்புச்சத்து அதிகமுள்ள போர் தண்ணீர் எல்லாமே வெள்ளை முடியைப் பழுப்பாக்கும். நிறமுள்ள தலை எண்ணெய்களும் வெள்ளை முடியில் சாயல் விடலாம். இதற்குத்தான் பர்ப்பிள் ஷாம்பு. ஊதா நிறம் மஞ்சளை அடக்கும் என்பதே சூத்திரம். வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம் போதும். ரொம்ப நேரம் ஊற வைத்தால் தலை லேசாகக் கத்தரிப்பூ நிறத்தில் மின்னும்.

மெலனின் இல்லாத முடிக்கு வெயிலிலிருந்து பாதுகாப்பும் குறைவு. சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டுக்குள் ஒரு பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம்.

சொல்வதெல்லாம் உண்மையா?

“ஒரு நரைமுடியைப் பிடுங்கினால் பத்து முளைக்கும்.” இல்லை. ஒவ்வொரு வேரும் தனித்தனி. ஒன்றைப் பிடுங்கினால் அதே இடத்தில் ஒன்றுதான் வளரும். ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் வேர் பாதிக்கப்பட்டு, அந்த ஒன்றும் வளராமல் போகலாம்.

“டை அடிச்சதாலதான் இவ்வளவு நரைச்சது.” பெரும்பாலும் இது தோற்றம்தான். ஐந்து வருடம் டை அடித்தவருக்கு அந்த ஐந்து வருடமும் உள்ளே நரை கூடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நிறுத்தும்போது எல்லாம் மொத்தமாக வெளியே தெரிவதால் டை மீது பழி விழுகிறது.

“ஒரே ராத்திரியில் தலை வெளுத்துவிட்டது.” கதைகளில் நடக்கும். வெளியே வளர்ந்துவிட்ட முடி உயிரற்றது, தானாக நிறம் மாற முடியாது. அரிதாக, முடி கொத்தாகக் கொட்டும் ஒருவகை நோயில் கறுப்பு முடிகள் மட்டும் வேகமாக உதிர்ந்து வெள்ளை மட்டும் மிஞ்சினால் அப்படித் தோன்றும்.

டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்?

நம் போன்ற ஆசிய மக்களில் 25 வயதுக்கு முன்பே நரைக்கத் தொடங்கினால் அதை இளநரை என்று கணக்கில் எடுக்கிறார்கள். பெரும்பாலும் பரம்பரைதான் காரணம். ஆனாலும் வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு பிரச்சினை, இரும்புச்சத்துக் குறைபாடு போன்றவையும் பின்னணியில் இருக்கலாம். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். நரையோடு அசதி, கை கால் மரத்துப்போவது, எடை மாற்றம், முடி கொத்தாகக் கொட்டுவது, தோலில் வெள்ளைத் திட்டு ஆகியவை இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறைபாட்டைச் சரிசெய்தால் சிலருக்கு நரை குறையலாம். பரம்பரை நரையை மறுபடி கறுப்பாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட எண்ணெயோ மாத்திரையோ இதுவரை கிடையாது. விளம்பரங்களை நம்பிப் பணத்தை விட வேண்டாம்.

டை தொடர வேண்டும் என்றால்?

அதுவும் அவரவர் விருப்பம்தான். நரை வளர்ப்பது வீரமும் இல்லை, டை அடிப்பது பொய்யும் இல்லை. தொடர்பவர்கள் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னாலோ முழங்கை உட்பக்கத்திலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடிப்பது பாதுகாப்பு. கையுறை கட்டாயம். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊற வைக்கக் கூடாது. புருவத்துக்கும் கண் இமைக்கும் தலைக்கான டையைப் போடவே கூடாது. முழுத் தலைக்கும் பதிலாக வேரில் மட்டும் அடித்து, இடைவெளியை ஒரு வாரம் கூட்டினாலே ரசாயனம் படும் அளவு கணிசமாகக் குறையும்.

கரிகால் சோழனைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்த கதை ஒன்று பலருக்கும் நினைவிருக்கும். வழக்கோடு வந்த முதியவர்கள், இந்தச் சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்று தயங்கினார்கள். அதனால் அவன் நரைமுடி அணிந்து, கிழவர் வேடத்தில் வந்து தீர்ப்புச் சொன்னானாம். அன்று ஒரு ராஜா, நம்ப வேண்டும் என்பதற்காக நரையை வாங்கி வைத்துக்கொண்டான். இன்று அதே நம்பிக்கைக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பலர் கிண்ணமும் பிரஷுமாக நிற்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிண்ணத்தை எடுக்க வேண்டுமா என்று யோசிப்பவர்கள், முடிவை உடனே எடுக்க வேண்டியதில்லை. அடுத்த டையை மட்டும் மூன்று வாரம் தள்ளிப் போட்டுப் பார்க்கலாம். முன் நெற்றியில் வளர்வது வெள்ளிக் கீற்றா, மிளகும் உப்புமா என்று அப்போதுதான் தெரியும். வருடக்கணக்கில் டை அடித்தவர்களில் பலர் தங்கள் சொந்த முடி இப்போது என்ன நிறம் என்று பார்த்ததே இல்லை.